வாளிக்குள் ஊற்றிய பியர்

அவரை முதலில் கண்டது 2006 பெப்ரவரியில். மார்ச் என்று நண்பர்கள் சொல்வது தவறு. வீட்டில் பியர் காய்ச்சுகிற நாங்கள் சிலர் மாதமொருமுறை வில்லரே பகுதியில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் கூடி, ஒருவர் காய்ச்சியதை மற்றவர்கள் சுவைத்துப் பார்ப்போம். குடிக்க விரும்பாததை ஊற்ற நடுவில் ஒரு வாளி இருக்கும்.

நரைத்த மீசை, கழற்றாத குளிர்ச்சட்டை. கதிரை நுனியில் இருந்தார். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. சிலருடைய பியரை முழுதாகக் குடித்தார். சிலருடையதில் ஒரு வாய் மட்டும் குடித்து, மிச்சத்தை வாளியில் ஊற்றினார். என்னுடையதையும் ஊற்றினார்.

"என்ன அண்ணை, அவ்வளவு மோசமோ?" என்றேன்.

"இல்லை ஐசே, நல்லாய் இருக்குது. அதுதான் ஊத்தினன்."

"அப்ப அந்தப் புளிச்சதை ஏன் முழுக்கக் குடிச்சியள்?"

"அது இன்னொரு கிளாஸ் கேக்காது. உம்மடை கேக்கும். ஒருக்கா குடிச்சுக் குடிச்சு அந்தப் பக்கம் போய் வந்தனான். இனிப் போனால் மனிசி வீட்டுக்குள்ளை விடாள்."

"பேந்து ஏன் இஞ்சை வாறியள்?"

"வீட்டிலை வாளி இல்லை, ஐசே."

அடுத்த மாதமும் அதே முறையில் காய்ச்சிக் கொண்டுபோனேன். அவர் அதைக் கடைசித் துளிவரை குடித்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார். அந்த முறை என் பியர் கெட்டிருக்க வேண்டும் என்று மனதார விரும்பி, நான் திரும்பத் திரும்பச் சுவைத்துப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது.