கரும்புத்தோட்ட முதலாளி வீட்டுத் தொட்டில்

மூண்டு மாசம் முடியுமட்டும் வாய் திறக்கப்படாது எண்டது எங்கட ஆக்களின்ர வழக்கம். கண்ணூறு படுமாம். நாங்களும் வாய் திறக்கேல்லை. மூண்டாம் மாசம் தொடங்கினவுடனேயே கரு கலைஞ்சு போட்டுது. வந்ததையே சொல்லாத நாங்கள் போனதை ஆரிட்டச் சொல்லுறது? நானும் இவரும் லண்டன் மோர்டனில இருக்கிற வீட்டில ரெண்டு வாடகைக்காரர் மாதிரி இருந்தம். அழுகையும் வரேல்லை. வேலைக்குப் போனன், வந்தன், உடுப்புத் தோய்ச்சன்.

அந்த நேரம் பாத்து இவரின்ர பெரியம்மா ஒரு கலியாணவீட்டுக்கெண்டு கனடாவில இருந்து வந்து இறங்கினா. நான் அவவை மாமி எண்டுதான் கூப்பிடுறனான். வந்த நாள் தொட்டு ஒரே கதைதான். "என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" கேக்கக் கேக்க எனக்கு விசர் வரும். அதுகூட முழுசா வராது, பாதியில நிண்டு போகும்.

ஞாயிற்றுக்கிழமை மாமி பழைய இடம் ஏதும் பாக்கவேணும் எண்டு நிண்டா. இவர் தேம்ஸ் கரையில இருக்கிற ஒரு பழைய பட்டினத்துக்குக் காரில கூட்டிக்கொண்டு போனார். கல்லுப் பாலம், வளைஞ்சு வளைஞ்சு போற ஒழுங்கையள், கரையில கட்டின வள்ளங்கள். மாமி அன்னங்களுக்கு மீன் ரோலைப் பிய்ச்சுப் போட்டா. அதுகளும் வெக்கமில்லாமல் திண்டுதுகள். வடிவான இடம் எண்டு தெரிஞ்சுது. தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

ஆத்தைப் பாத்தபடி ஒரு பெரிய வெள்ளை வீடு. மேற்கிந்தியத் தீவுகளில கரும்புத் தோட்டம் வைச்சிருந்த முதலாளி ஒருத்தன் கட்டினதாம், இப்ப நூதனசாலை. "ஆரின்ரையோ முதுகு முறிஞ்ச காசு," எண்டு மாமி வாசல்லயே தீர்ப்புச் சொல்லிப் போட்டா. மேல்மாடியில ஒரு படுக்கை அறை. கயித்துத் தடுப்புக்கு அங்கால ஒரு மரத் தொட்டில். பக்கத்துப் பலகையை வாசிச்சன். தோட்டத்தில இருந்து கொண்டுவந்த அடிமைப் பெண் ஒருத்திதான் அதை ஆட்டினவளாம். அவளின்ர சொந்தப் பிள்ளை அந்தத் தோட்டத்திலேயே நிண்டிட்டுதாம். அவளின்ர பேர் போடேல்லை. திருப்பியும் வாசிச்சன். எனக்குள்ள ஒண்டும் அசையேல்லை.

மாமி பலகையைப் பாக்கவே இல்லை. கைப்பையில இருந்து கோயில் மஞ்சள் நூலை எடுத்தா. தடுப்புக்கு மேலால குனிஞ்சு தொட்டில் காலில கட்டத் தொடங்கீட்டா!

"நேர்த்தி வை பிள்ளை. கோயில் தொட்டில் எண்டா என்ன, இது எண்டா என்ன? வாற வருசம் உன்ர மடியில பிள்ளை கிடக்கும்."

காவலுக்கு நிண்ட வெள்ளைக்காரி ஓடி வந்தா. "பிளீஸ், தொடாதேங்கோ மேடம்!"

"தொட்டா தேஞ்சு போமோ?" எண்டு மாமி தமிழில கேட்டா. வேற நாளெண்டா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பன். மாமி என்ர கையைப் பிடிச்சு இழுத்துத் தொட்டிலில வைக்கப் பாத்தா.

"விடுங்கோ பெரியம்மா!" இவர் சத்தம் போட்டார். "வந்தது. போன மாசம் போட்டுது."

சொல்லிப்போட்டு மனிசன் சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டார். தோள் குலுங்கிச்சுது. இவர் அழுது நான் கண்டதே இல்லை.

இனி அடுத்தது வரும், கவலைப்படாதை எண்டு மாமி தொடங்குவா எண்டு நினைச்சன். அவ என்னை உச்சியில இருந்து கால்வரைக்கும் பாத்தா.

"ஆர் உனக்குப் பத்தியத்துக்குச் சரக்கு அரைச்சுக் கறி வைச்சுத் தந்தது?"

"ஒருத்தருமில்லை மாமி."

"எண்ணெய் வைச்சு முழுக வாத்தது?"

"ஒருத்தருமில்லை."

மாமி இவரிட்டத் திரும்பினா. "விசரா! பிள்ளை பெத்தவளை ஒரு மாசமா வேலைக்கு விட்டிட்டோ இருந்தனி?" வெள்ளைக்காரியின்ர கதிரையைக் கேக்காமலே இழுத்துப் போட்டு, "நிக்கக்கூடாது, இரு," எண்டா.

பிள்ளை பெத்தவள். என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை, நானே எனக்குச் சொல்லேல்லை. அந்தக் கதிரையில இருந்து வாய் விட்டு அழுதன்.