கன்னியம்மா அக்காவின் மைக்

1. திரும்பி வந்த ஐந்து

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் நான் செல்போன் கடை போட்ட இரண்டாவது வருஷம், ஒரே மாதத்தில் ஐந்து போன்கள் திரும்பி வந்தன. ஐந்துக்கும் ஒரே கம்ப்ளெயின்ட். அந்தப் பக்கம் பேசுவது இவர்களுக்குக் கேட்கிறது. இவர்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை. மைக் அவுட்.

இதில் வேடிக்கை, ஐந்தில் ஒன்றுகூட மைக்குக்காக என்னிடம் வந்த போன் இல்லை. ஒன்று டிஸ்பிளே உடைந்து வந்தது. ஒன்று பேட்டரி நிற்கவில்லை என்று வந்தது. நான் டிஸ்பிளே மாற்றினால் மைக் போகிறது, பேட்டரி மாற்றினால் மைக் போகிறது. புத்தூர் பஸ் கண்டக்டர் ஒருவர் கடை வாசலில் நின்று, கால் ஒடிந்து வந்தவனுக்குக் கட்டுப் போட்டு வாயை அடைத்து அனுப்புவது எந்த ஊர் வைத்தியமய்யா என்று தெலுங்கில் கேட்டார். எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பேர்போன ஊர்க்காரர் கேட்டதால் எனக்கு இன்னும் வலித்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். விசைத்தறியில் மூன்று வருஷம், எஸ்.டி.டி. பூத்தில் ஆறு வருஷம் இருந்தேன். பூத்துகளை எல்லாம் மூடின பிறகு திருப்பதியில் ஒரு கடையில் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சர்டிபிகேட் கிடையாது. யாராவது ஒரு நாள் வந்து, நீ இதை எங்கே படித்தாய் என்று கேட்டுவிடுவார்கள் என்கிற பயம் எப்போதும் உண்டு. கடையைப் பூட்டினால் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்ப்பேன். ஐந்தாவது முறை வீட்டிலிருந்து திரும்பி வந்து இழுப்பேன்.

2. பொட்டு

அந்த வருஷம்தான் ஒரு பழைய பேட்டரி என் மேஜைமேல் இட்லி மாதிரி உப்பியது. வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் என்று யோசித்தே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ரிப்பேர் முடிந்து வெளியே போகும் ஒவ்வொரு போனையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குழைத்து ஒரு பொட்டு, நடுவில் குங்குமம் என்று வைக்க ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைக்கிறோமே, அதே போல.

முதலில் டிஸ்பிளேமேல் வைத்தேன். டச் வேலை செய்யவில்லை என்று சண்டை. பின்பக்கம் வைத்தேன். கவர் கறையாகிறது என்று சண்டை. கடைசியில் கீழ் விளிம்பில், சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை.

தொழில் தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள். எனக்கு விளங்க மூன்று வெள்ளிக்கிழமை ஆனது.

3. அக்கா

ஐந்தில் ஒன்று கன்னியம்மா அக்காவின் போன். அக்கா வீட்டில் நாலு விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால் எதிரில் நிற்பவரிடமும் அடுத்த தெருவுக்குச் சொல்வது போலத்தான் சொல்வார். மகன் சேகர் குவைத்தில் இருந்தான். மகளுக்குக் கல்யாணம், ஒரு மாதம்கூட இல்லை. மணவறையில் தங்கை கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டும். சேகருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குத்தான் போன் செய்வான். வருகிறாயா என்று கேட்டால் லீவு தரவில்லை என்பான். கேட்டுக் கேட்டு அக்கா ஓய்ந்திருந்த நேரத்தில் மைக்கும் போனது.

வீட்டில் அந்த ஒரு போன்தான். மைக் ரிப்பேர் என்று மகள் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். எங்க அம்மா பேசறதுக்கு மைக் எதுக்கு, கோவம்னா கோவம்னு சொல்லு என்று பதில் வந்ததாம்.

"நான் கத்து கத்துன்னு கத்திக்கினு கீறேன், அவன் ஹலோ ஹலோன்றான். கல்யாணத்துக்கு வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியணும்பா. இன்னா செய்வியோ செய்" என்றார் அக்கா.

முதல் தடவை, பஞ்சு என்று முடிவு கட்டினேன். தறி வீட்டுப் போன்களில் மைக் ஓட்டைக்குள் பஞ்சுத் தூசு அடைப்பது சகஜம். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பார்த்தேன். கேட்டது. பொட்டு வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் மைக் போய்விட்டது.

இரண்டாவது தடவை சார்ஜிங் போர்டையே மாற்றினேன். மைக் அந்தப் போர்டில்தான் இருக்கும். கேட்டது. இந்த முறை எனக்குத் திருஷ்டிமேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி இன்னொரு செல்போன் கடை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அதனால் பொட்டை விளிம்பு கொள்ளும் மட்டும் நீளமாக இழுத்து வைத்தேன். அதுவும் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போனைத் திறக்க ஹீட் பேட்மேல் வைத்துச் சூடு காட்டுவோம். சாமி பொட்டைச் சுடுவது பாவம் என்று, வருகிற போனை முதலில் சொல்யூஷன் தொட்ட துணியால் பயபக்தியோடு துடைத்துவிடுவேன். துடைத்த பிறகு மைக் வேலை செய்யும். நான் போட்ட புதுப் போர்டுதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

4. குவைத்திலிருந்து

மூன்றாவது வெள்ளிக்கிழமை அக்கா நகர மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் பார்க்கவே துடைத்தேன், திறந்தேன், போர்டைச் சோதித்தேன், மூடினேன். ரெக்கார்டரில் அவரையே பேசச் சொன்னேன். "டேய் சேகரு" என்றார். திருப்பிப் போட்டபோது ஸ்பீக்கர் நடுங்கியது. இரண்டு பேருக்கும் நிம்மதி. பெரிய பொட்டாக வைத்து, காயட்டும் என்று ஊதிக் கையில் கொடுத்தேன்.

உடனே ரிங். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"எம்மா. இந்த வாரமும் பேச மாட்டியா?"

அக்கா பேசினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. சேகருக்கு மட்டும் கேட்கவில்லை.

ஐந்து நிமிஷம் முன்னால் வேலை செய்த மைக். நடுவில் நான் செய்தது என்ன? மூடினேன், சோதித்தேன், பொட்டு வைத்தேன். குனிந்து பார்த்தேன். மைக் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பூசி, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்தது போல என் சந்தனமும் குங்குமமும்.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அதற்குள் சேகர் ஆரம்பித்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்மா. என் ரூம்ல கீற பையன் உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். அதான் வாயத் தொறக்க மாட்டன்ற."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அறுந்த நூலைப் பிடிக்கிற பிடி. 'இரு' என்று கண்ணாலேயே சொன்னார்.

"லீவு எப்பவோ குடுத்துட்டாங்கம்மா. நான்தான் டிக்கெட் போடல. முடி எல்லாம் கொட்டிப்போச்சி. இந்தத் தண்ணி ஒத்துக்கல. முன்னாடி ஒண்ணுமே இல்ல. தொப்பி போட்டுக்கினு வீடியோ கால் பேசறது அதுக்குத்தான். மாப்ள வீட்டு ஜனம் முன்னாடி, போட்டோல, எப்பிடிம்மா வந்து நிப்பேன்?"

அம்மா இன்னும் இறங்கி வரவில்லை என்று நினைத்தானோ என்னவோ, சேகர் பழைய கணக்குகளுக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் நைனா கையெழுத்தைத் தானே போட்டது. கிரைண்டரைக் கீழே தள்ளிவிட்டுப் பூனைமேல் சொன்னது. பையன் தானாகப் பேசி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். எனக்கே போகப் போக ஆர்வமாகிவிட்டது.

"அப்புறம், கங்கம்மாவுக்கு நேந்து உட்ட சேவலு. நரி தூக்கினு போவல. நாங்கதான் துன்னுட்டோம்."

முடி கொட்டியதைத் தாங்கிய அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. என் கையை விட்டார்.

"தொறப்பா அத."

ஊசியால் குத்தினால் மைக்கே போய்விடும், பதற்றத்திலும் அதை மறக்கவில்லை. பிரஷ்ஷால் சுரண்டி, துணியால் ஒற்றி எடுத்தேன்.

"டேய். சேவலைப் பத்தி நீ வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் அக்கா. அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். "திருப்பதி பக்கத்துல பொறந்துட்டு முடி இல்லன்னு அழுவுறியே. ரேணிகுண்டா ஏர்போர்ட்ல எறங்கி வர்றவன் மொட்டையா வந்தா எவன்டா இன்னான்னு கேப்பான்?"

மைக் மறுபடி போய்விட்டதோ என்று நான் குனிந்தேன். அப்புறம் மெதுவாக, சாமி பேரில் பொய் சொல்லலாமா என்று சேகர் கேட்டான்.

"பொய் எதுக்கு? மெய்யாவே மலைக்குப் போ. ரெண்டு பக்கமும் கீறதக் குடு. சாமி எண்ணியா பாக்குது?"

5. தெரிந்துகொண்டது

சேகர் வந்தான். ரேணிகுண்டாவில் இறங்கி நேரே மலைக்குப் போய், இருந்ததைக் கொடுத்தான். அவன் தனியாக நிற்கக் கூடாது என்று அப்பாவும் தாய்மாமனும் கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். கல்யாணத்தில் மூன்று மொட்டை. யாரும் எதுவும் கேட்கவில்லை. போட்டோகிராபர் மட்டும் பிளாஷ் அடிக்க விடாமல் கூசுகிறது என்று முனகினார். தங்கை கை நிறையப் பொரி அள்ளிப் போட்டான்.

மற்ற நாலு போன்களையும் நானே தேடிப் போய்ச் சுரண்டிக் கொடுத்தேன். கண்டக்டரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மைக் வேலை செய்யவில்லை என்று போன் வந்தால் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் வெளியே பாருங்கள்: கவர் அடைத்திருக்கிறதா, தூசு இருக்கிறதா. பிறகு ரெக்கார்டர், பிறகு செட்டிங்ஸில் பர்மிஷன். போர்டு கடைசி. அதற்கும் முன்னால், இந்தப் போனைக் கடைசியாகத் தொட்டவன் யார், என்ன செய்தான் என்று கேளுங்கள். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

பொட்டை இப்போது டூல் பெட்டிக்குத்தான் வைக்கிறேன். ஒரே ஒரு போனைத் தவிர. கல்யாணம் முடிந்து நாலு மாதம் கழித்து அக்கா வந்து போனை மேஜைமேல் வைத்தார். சோதித்தேன். மைக் நன்றாக இருந்தது.

"நல்லாதான் கீது. இன்னிக்கு மாப்ள பேசறன்னு சொல்லிக்கீறாரு. கொஞ்சம் சந்தனம் வச்சிக் குடு."

கால் வந்தால் மியூட் பட்டன் இருக்கிறதே என்று காட்டிக் கொடுத்தேன். கை பட்டுத் திறந்துகொள்ளும், அதெல்லாம் வேண்டாம் என்றார்.

வைத்துக் கொடுத்தேன். சின்னதாகத்தான்.