தெருவுக்கு ஒரே விருந்தாளி

விடிந்ததும் தெருவெல்லாம் இறைச்சி வதங்கும் வாசனை. வாசலுக்கு வாசல் பெரிய அடுப்பு. மத்திய வியட்நாமில் ஒரு சர்க்கரை ஆலைக்கு ஃபிட்டராக வந்த முதல் வருஷம் அது. பெரிய முகூர்த்தம் போலிருக்கிறது, தெருவில் இத்தனை கல்யாணமா என்று வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பக்கத்து வீட்டு லான் அக்காவிடம் போய், எனக்குத் தெரிந்த ஒரே வாழ்த்தைச் சொன்னேன்: "சுக் மூங்."

அக்கா என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பழத்தை வாங்கிக்கொண்டு, "யோ" என்றாள். செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். எல்லா வீட்டிலும் அதே நாள். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு காலையில் வெளிநாட்டுப் பட்டாளம் வந்து, கிழவி, கைக்குழந்தை என்று பார்க்காமல் தெருவையே சுட்டுத் தள்ளியிருக்கிறது. வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களிடம் இவன்களுக்கு என்ன சண்டை? போர் என்றால் அப்படித்தான் என்று நியாயம் பேசுகிறவன் என் முன்னால் வர வேண்டாம்.

யோ என்றால் சாப்பிட விருந்தாளி வேண்டும். அன்றைக்கோ ஒவ்வொரு வீட்டிலும் படையல். யார் யார் வீட்டுக்குப் போவது? லான் அக்கா தனியாள். வருஷா வருஷம் ஆக்கி வைத்துவிட்டு, மறுநாளும் தானே அதைத் தின்பாளாம். செத்தவர் இல்லாத ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். உட்கார வைத்துப் பரிமாறினாள். எழுந்திருப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்தார். கல்யாணம் என்று வந்த கதையை அக்கா பரப்பிவிட்டாள். போன வீட்டிலெல்லாம் "சுக் மூங், சுக் மூங்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம்வரை தின்றேன்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை. சுடுகாட்டில் கொழுக்கட்டையும் சுண்டலும் வாரி இறைப்பார்கள், விழுந்தடித்துப் பொறுக்குவோம். செத்தவருக்குப் பிடித்ததைக் குழிமேட்டில் வைத்துப் படைப்போம். இவர்களும் நிலாவைப் பார்த்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். இந்த யோவும் அதே அமாவாசையை ஒட்டித்தான் வரும். அதனால் வருஷா வருஷம் இரண்டும் முட்டிக்கொள்கிறது.

இந்த வருஷம் தம்பி போனில் கத்தினான்.

"அப்பாவுக்குப் படைக்கக்கூட வரமாட்டியா? அங்க ஒனக்கு இன்னா, யாருனா செத்துட்டாங்களா?"

"யாரும் சாவலடா. அதான் நான் இங்க இருக்கணும்."

என் முகத்தைப் பார்த்து லான் அக்கா விசாரித்தாள். சொன்னேன். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்றாள். கருவாட்டுக்கு அவர்கள் பேச்சில் வார்த்தை தெரியாமல் மீன், வெயில், மூக்கைப் பொத்துவது எல்லாம் நடித்துக் காட்டினேன். சிரித்து முடித்து, கருவாடு வறுத்து, தன் ஆட்களின் கிண்ணங்களோடு இன்னொரு கிண்ணம் வைத்தாள்.

வாசலில் நின்றால் மேற்கே மலை, நம்ம கல்வராயன் மாதிரியே. தம்பி வைத்த இலைக்கு அப்பா போனாரா, இந்தக் கிண்ணத்துக்கு வந்தாரா, தெரியாது. கருவாடு என்றால் விடாத மனுஷன். இரண்டுக்கும் போயிருப்பார்.