கூடுதல் கயிறு

எங்க அக்கா வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல பேரு பம்பரம். மனுஷன் ஒரு இடத்துல நிக்கமாட்டார். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் வாசல் பக்கம்தான் இருக்கும். "அத்தான், சோத்தையாவது நிம்மதியாத் தின்னுங்களேன்"னு சொன்னா, "கப்பல் வந்துட்டா உங்கப்பனா போய்க் கட்டுவான்?"னு கேப்பார். கட்டுறதுன்னா நிஜமாவே கட்டுறதுதான். கரைக்கு வர்ற கப்பல்லருந்து கயிறு இறக்குவாங்க, ஒவ்வொண்ணும் தொடை மொத்தத்துல. அதோட நுனிக் கண்ணியை இழுத்துக் கரையில இருக்கிற இரும்புத் தூண்ல மாட்டணும். கிளம்பும்போது அவுத்து விடணும். அதுக்குன்னு நாங்க ஒரு கூட்டம். என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாளே இல்லை.

அவரோட ஒரே பொண்ணு உல்லாசக் கப்பல்ல முடி வெட்டுற வேலைக்குப் போயிருந்தா. ஒப்பந்தம் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரமாப் பார்த்து இந்தத் தொற்று வந்து தொலைஞ்சுது. இறங்க வேண்டிய ஊர்ல துறைமுகத்தை மூடிட்டான். அடுத்த ஊர்ல கிட்டயே சேர்க்கலை. தினம் ஒரு வழி, தினம் ஒரு ஊர் பேரு. பயணிகளை எங்கயோ இறக்கி பிளேன் ஏத்திட்டு, வேலைக்காரங்களை மட்டும் வச்சுக்கிட்டு கப்பல் கடல்லயே சுத்துச்சு. அத்தானை அப்பப் பார்க்கணும்! மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் ஏறி இறங்குவார். போன்ல கப்பல் எங்கே போகுதுன்னு காட்டுற ஏதோ ஒண்ணை வச்சுக்கிட்டு, "திரும்புதுடா... இல்லை, நேராப் போகுது... ஐயோ, திரும்பிடுச்சு"ன்னு எனக்கு வர்ணனை வேற. அக்கா ஒரு நாள் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள்ள போட்டா. அவர் டப்பாவையே தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டார்.

திடீர்னு ஒரு நாள் சேதி வந்துது. அந்தக் கப்பல் எங்க துறைமுகத்துக்கே வருதாம். எண்ணெயும் தண்ணியும் பிடிச்சுக்கிட்டுப் போயிடணும், ஒரு ஆள் இறங்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. அத்தான் அதிகாரி அறை வாசல்ல போய் நின்னார்.

"உள்ளூர்ப் பொண்ணு சார். ரூமுக்குள்ளயே வச்சுப் பூட்டிக்கிறோம்."

"ஒருத்தரை இறக்கினா எல்லாரும் கேப்பாங்கய்யா. மேலருந்து எழுத்துல வரட்டும், இறக்குறேன்."

அந்த ஆளையும் குத்தம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

மறுநாள் காலையில கப்பல் வந்துது. எண்ணெய் பிடிக்க மட்டும் வர்ற கப்பலுக்கு நாங்க கம்மியாத்தான் கட்டுவோம், சட்டுனு அவுக்கணும் இல்லையா. தங்குற கப்பலுக்குத்தான் கூடுதல் கயிறு. அன்னிக்கு வழக்கம்போல கட்டி முடிச்சுக் கையை உதறுறோம், மேலருந்து இன்னும் ரெண்டு கயிறு இறங்குது. அத்தான் என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினார்.

"டேய், கூடுதல் கயிறுடா! தங்குதுடா! எழுத்துல வந்துருச்சுடா!"

எங்கள்ல ஒருத்தனுக்காவது ஏன் எதுக்குன்னு கேக்கத் தோணுச்சா? தோணலை. கயித்தை எண்ணியே கப்பலோட ஜாதகத்தைச் சொல்ற ஆளுங்க நாங்க. மாஸ்க்குக்குள்ள பல்லைக் காட்டிக்கிட்டு அவர் முதுகுல தட்டினோம். அவர் அக்காவுக்குப் போன் போட்டு, "மாடி ரூமைக் கழுவு, மெத்தையை வெயில்ல போடு, துறைமுகக் கேட்டுக்கு வந்து நில்லு"ன்னு கத்தினார். அக்கா ஈரக் கையோட ஓடி வந்து கேட்டுக்கு வெளியே நின்னா. பொண்ணு கப்பலோட பின்பக்கம், கீழ்த்தட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ரொம்ப இளைச்சுப் போயிருந்தா. பையை எடுத்துக்கோன்னு அத்தான் சைகை காட்ட, அவளும் உள்ளே ஓடிப் போய்ப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தா.

மத்தியானம் எண்ணெய்க் குழாயைக் கழட்டிட்டாங்க. ஏணி இறங்குற வழியைக் காணோம். எனக்கு இருப்புக் கொள்ளலை. எங்க மேஸ்திரிகிட்டப் போய்க் கேட்டேன்.

"இறங்குறாங்களா? எவன்டா சொன்னது? காத்து பலமா அடிக்கும்னாங்க, அதான் ரெண்டு கயிறு கூட. காத்துதான் வரலையே. இப்பக் கிளம்பிடும்."

அத்தான்கிட்ட நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவர் அதிகாரி அறைக்கு ஓடினார், வந்தார், மறுபடியும் ஓடினார். யாரும் கதவைத் திறக்கலை. அடுத்த துறைமுகம் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். அங்கேயும் சேர்ப்பாங்களான்னு எவனுக்கும் தெரியாது.

விசில் ஊதிட்டாங்க. ஒவ்வொரு கயிறா அவுத்தோம். பின்பக்கம் கடைசியா ஒண்ணு மிச்சம். அதுகிட்ட ஒருத்தனும் போகலை. ஆளாளுக்குக் கையைப் பின்னால கட்டிக்கிட்டு எங்கேயோ பார்க்கிறானுங்க.

மேலருந்து பொண்ணுதான் கத்தினா. "அவுத்து விடுங்கப்பா! அங்கேயாவது இறக்குறாங்களான்னு பார்க்குறேன்!"

தாய்மாமன் நான், நான்தான் செய்யணும்னு போய்க் கயித்துல கை வச்சேன். அத்தான் என்னைப் பிடிச்சுத் தள்ளினார்.

"விடுடா! நீ அவுத்தா, சாகுற வரைக்கும் உன்மேல எனக்கு ஆத்திரம் போகாது. நானே அவுக்கிறேன்."

ரெண்டு பேர் தூக்குற கண்ணியை ஒத்தை ஆளாத் தூக்கித் தண்ணியில விட்டார். கப்பல் நகர்ந்துது. என் பையில போன் அடிச்சுது. கேட்டுலருந்து அக்கா.

"ஏன்டா, கப்பல் நகருதே? இடம் மாத்திக் கட்டப் போறீங்களா?"