மூணாம் நம்பர் டம்ளர்

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டுப் பஞ்சாயத்து நடக்கும். கூட்டுவது என் மருமகள். அவளுக்குப் பிடித்தது கோத்திக் ராக் என்று ஒரு வகை இங்கிலீஷ் பாட்டு. கறுப்பு உடுத்திக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பாடுவார்கள். சுடுகாடு, மழை, விட்டுப் போனவள், பெரும்பாலும் இதுதான் சங்கதி என்று அவள் சொல்லித் தெரியும். எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழே மூணாம் வகுப்போடு சரி, இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் காது நன்றாகக் கேட்கும். தறிச் சத்தத்தை வைத்தே எந்த மிதிக்கட்டை தளர்ந்திருக்கிறது என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவேன்.

வருகிறவர்கள் மூன்று பேர். தாமலில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிற பெண், வாலாஜாபாத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், முசரவாக்கத்து நர்ஸ். ஃபோனில் எழுதி எழுதிச் சண்டை போட்டு, அது போதாமல் நேரில் வந்து போடுகிறவர்கள். எல்லாருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயசு. எல்லாரும் கறுப்புச் சட்டை. முதல் தடவை வந்தபோது எதிர்வீட்டுக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, கார்த்திகையே பொறக்கலை, அதுக்குள்ள மாலை போட்டுக்கினாங்களா? பொம்பளைங்களும் போட்டுக்கினு இருக்குதுங்களே!"

"ஆமா, இவங்க சாமி வேற மலையில இருக்குது" என்றேன். என் மருமகளைப் பற்றி அதற்கு மேல் யாரையும் கேட்க விடுவதில்லை.

ஒருத்தர் பாடிப் பேர் வாங்கின பாட்டை இன்னொருத்தர் எடுத்துத் தன் குரலில் பாடினால் அதற்குக் கவர் என்று பேர். பஞ்சாயத்தில் முதலில் அசலைப் போடுவார்கள். பிறகு அதே பாட்டின் கவர்களை வரிசையாக. எது உசத்தி என்பதற்குக் கையைத் தூக்கினால் முடிந்தது. எது மட்டம் என்பதில்தான் அடிதடி. அதற்காக ஒவ்வொரு கவருக்கும் ஒரு சில்வர் டம்ளர், மேலே சாக்பீஸில் நம்பர். மட்டம் என்று நினைக்கிறதில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை போடவேண்டும். போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்கக் கூடாது. வாலாஜாபாத்காரன் முதல் மாசம் நாலு தடவை மாற்றி மாற்றிப் போட்டதால் வந்த சட்டம் அது.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தே, இன்னிக்கு மூணாவதா போடப் போறது நான் பாடினது."

"நீயா? எப்பப் பாடினே?"

"மெட்ராஸ்ல ஒரு ஃபிரெண்டு வீட்ல. நாலு மாசமா, ஆபீஸ் விட்டப்புறம். அதுங்களுக்குத் தெரியாது. பேர் போடாம சேத்துட்டேன்."

"சொல்லிட்டுத்தான் போடேன்."

"சொன்னா நல்லாயிருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. மட்டம்னு வந்துட்டா அழிச்சிடுவேன். அதுக்கப்புறம் வாயைத் தொறந்து பாடவே மாட்டேன். இல்லைன்னா நான்தான்னு சொல்லிடுவேன்."

கையைத் துடைக்கவே மறந்து போனாள். தரையெல்லாம் சொட்டியது. அவள் சொன்னால் செய்கிறவள். கறுப்பை விடு என்று அவள் அம்மா ஒரு வருஷம் பேசாமல் இருந்து பார்த்தும் விடாதவள்.

மத்தியானம் மூவரும் வந்தார்கள். என் மகன் வழக்கம்போல் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். கூடத்துத் தறிக்கு லீவு என்பதால் வாலாஜாபாத்காரன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அது அவன் இடம். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டு சுவரோரம் இருந்தேன்.

அசலைப் போட்டார்கள். பாடுகிறவனுக்கு நல்ல கனத்த குரல். ஒரு இடத்தில் மட்டும் தொண்டை கட்டின மாதிரி உடைந்தது. பிறகு கவர்கள். மூன்றாவது வந்தபோது நான் மருமகளைப் பார்க்கவில்லை, கடலையைப் பார்த்தேன். அவள் குரல் என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு தாழ்த்தியிருந்தாள். ஐந்தாவது, டமடமவென்று ஒன்று.

"அஞ்சு காதுகுத்துக்குப் போடுற பாட்டுபா. சுடுகாட்டுல யாராவது டான்ஸ் ஆடுவாங்களா?" என்றாள் டீச்சர்.

"எங்க ஊர்ல ஆடுவாங்க, நீ வந்து பாரு" என்றான் வாலாஜாபாத்காரன். "அஞ்சு தைரியமா கெட்டுப் போயிருக்குது. மூணு பயந்துக்கினு பாடுது. அசலுக்குப் பக்கத்துல கையைக் கட்டிக்கினு நிக்குது."

"கரெக்டு. ஊசி போடும்போது மூச்சைப் புடிச்சிக்குவாங்களே, அந்த மாதிரி" என்றாள் நர்ஸ்.

என் மருமகள் நகத்தைக் கடித்தாள். கொட்டை போட்டார்கள். மூணில் இரண்டு, ஐந்தில் இரண்டு. நாலு பேர் இருந்தால் இப்படித்தான் வரும்.

"ஆயாவைக் கேட்கலாம். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால ஓரவஞ்சனை இருக்காது" என்றான் வாலாஜாபாத்காரன்.

"யாருக்குடா ஆயா? உங்க ஆயாவைப் போய்க் கேளு."

"சரிம்மா, அம்மா. நீங்க சொல்லுங்கம்மா."

மூன்றையும் ஐந்தையும் எனக்காக இன்னொரு தடவை போட்டார்கள். ஐந்தாவதுக்குப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். மருமகள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நெய்த காலத்தில் ஒரு அம்மா தன் தாயாரின் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து, அச்சு அசலாக இதே மாதிரி வேண்டும் என்றார். கரையில் கோபுர முனைகள் வரிசையாகப் போகும். ஒரு இடத்தில் மட்டும் ஒரு முனை குட்டையாக இருந்தது. அச்சு அசல் என்றாரே என்று, எண்ணிப் பார்த்து, அதே இடத்தில் அதே குட்டை முனையை நெய்து கொடுத்தோம். அந்த அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "இது நெசவுல வந்த தப்பு. எங்கம்மா ஆயுசு முழுக்க இதைக் கொசுவத்துக்குள்ள மறைச்சுத்தான் கட்டினாங்க. இதையுமா நெய்வீங்க?" என்றார். சேலையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூணாவதும் அப்படித்தான் என் காதுக்குப் பட்டது. மருமகள் என்பதற்காகப் பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. கொட்டையை மூணாம் நம்பர் டம்ளரில் போட்டேன். ணங்கென்று கேட்டது.

"அசல்காரனுக்குத் தொண்டை கட்டியிருக்குது. இது அந்தக் கட்டினதையும் சேத்துப் பாடுது. தப்பைக் காப்பியடிச்சா அது மட்டம்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்தான் மெதுவாக, "அம்மா, அது தொண்டை கட்டினது இல்லம்மா. அவரு வேணும்னுதான் அங்க உடைக்கிறாரு. அந்தப் பாட்டே அதுதாம்மா" என்றாள்.

"வேணும்னு யாராவது உடைப்பாங்களா?"

"நீங்களே கேளுங்க."

அசலைத் திரும்பப் போட்டாள். கடலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். குரல் உடைந்தது. பாட்டு ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தது, அதே சொல்லில் மறுபடி உடைந்தது. மூன்றாம் சுற்றிலும். முதலில் கேட்டபோது ஒரு தடவைதான் என் காதில் விழுந்திருந்தது. கைதவறி வருகிற தப்பு மூன்று தடவை ஒரே இடத்தில் வராது. அளவு வைத்து வருகிறது என்றால் அது டிசைன். இது எந்த நெசவுக்காரிக்கும் தெரியும்.

எழுந்து போய் டம்ளருக்குள் விரலை விட்டு என் கொட்டையை எடுத்தேன்.

"எடுக்கக் கூடாதும்மா, சட்டம்" என்றான் வாலாஜாபாத்காரன்.

"சட்டம் உன்னுது. டம்ளர் என்னுது. நான் சொன்னது தப்பு, எடுத்துக்கிறேன்."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று என்னைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு நாலு பேர் எதிரில் சொன்னேன். காது சுட்டது. ஐந்தாவதிலும் நான் கொட்டை போடவில்லை. அது ஓரவஞ்சனையாகிவிடும்.

இரண்டுக்கு இரண்டு, அப்படியே நின்றது. ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. இப்படி வந்தால் என்ன செய்வது என்று காலையில் அவள் சொல்லியிருக்கவில்லை. டம்ளர்களை அடுக்கப் போனவள் மூணாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"மூணு நான்தான்" என்றாள்.

வாலாஜாபாத்காரன் தறிக்குழியிலிருந்து காலை மேலே இழுத்துக்கொண்டான். நர்ஸ் வாயில் கை வைத்தாள்.

"அக்கா, நான் போட்டது போட்டதுதான். பயந்துக்கினுதான் பாடியிருக்கே" என்றான் அவன்.

"பயமாத்தான்பா இருந்துச்சு" என்று சிரித்துவிட்டாள். பிறகு எந்தெந்த இடத்தில் பயந்தாள் என்று நாலு பேரும் சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். காபி நான்தான் போட்டேன்.

அதை அவள் அழிக்கவில்லை. இப்போது துணி காயப்போடும்போதே மாடியில் வாய்விட்டுப் பாடுகிறாள். அந்த இடம் வந்ததும் குரல் உடைகிறது. ஒன்று மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. கரைப் பூ எப்படி விழவேண்டும் என்று ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே மாட்டுகிற டிசைன் அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்திருந்தால், அந்தத் தப்பும் அளவாக, அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப வரும்.