என் மகனை மலைக்கே கொண்டுவந்தாள்

அம்மனை நம்பும் என் சொந்தங்களே, நான் பச்சையம்மாள். கல்வராயன் மலையில் சாமை விதைத்துப் பிழைப்பவள். என் மகன் ஏழுமலைக்காக நான் வைத்த முதல் வேண்டுதலை மாரியம்மன் கேட்கவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன்.

ஏழுமலை பட்டாளத்துக்காரன். இருபத்துநாலு வயது. அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனான். அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று ஆடி முழுக்க ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டேன். ஐப்பசியில் போன் வந்தது. அகதிகள் தங்கியிருந்த முகாமைத் துப்பாக்கிக்காரர்கள் தாக்கியிருக்கிறார்கள். உள்ளே பெண்களும் குழந்தைகளும். என் மகன் வாசலை விட்டு நகரவில்லையாம். சுட்டுக்கொண்டே நின்றவன் அங்கேயே விழுந்துவிட்டான்.

கோயிலுக்குப் போய் அம்மனைப் பார்த்துக் கத்தினேன். பூசாரி நீட்டிய திருநீற்றை வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவன் உடல் இருந்த பெட்டி கள்ளக்குறிச்சிக்கு வந்தது. மலையில் விடாத மழை. எங்கள் ஊர்ப்பாதை மண் சரிந்து மூடிக்கிடந்தது. கூட வந்த அதிகாரி நல்ல மனிதர். "அம்மா, வண்டி ஊர் வரைக்கும் போகாது. இங்கயே மரியாதையோட அடக்கம் பண்ணிடலாம்" என்றார்.

காலமான என் வீட்டுக்காரரின் தம்பியும், "இன்னா அண்ணி பண்றது? மழ வுட்டாத்தானே?" என்றார்.

"அவன் அப்பன் பக்கத்துலதான் அவன் படுக்கணும். வண்டி போவலன்னா நான் தூக்கிக்கினு போறேன். வர்றவங்க வாங்க" என்றேன்.

மண் சரிந்த இடம் வரை வண்டி வந்தது. அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். மழையில் நின்று கண்ணை மூடினேன். "தாயே, உசுரத்தான் நீ குடுக்கல. ஒடம்பையாச்சும் மேல ஏத்திக் குடு. இதுக்கும் மாட்டேன்னா, உன் வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்." இப்படித்தான் கேட்டேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கண்ணைத் திறந்தால் சரிவின் மேல் ஆட்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், மண்வெட்டியும் கடப்பாரையுமாக. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. "நீ நவுரு யக்கா. அவன் எங்க புள்ளயுந்தான்" என்றாள் முன்னால் இறங்கி வந்த ஒருத்தி. அவளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

கால் வைக்க வழி வெட்டினார்கள். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். அதிகாரியும் முழங்கால் சேற்றில் இறங்கித் தூக்கினார். மழை நிற்கவில்லை. பெட்டி ஒருமுறைகூடத் தரையில் படவில்லை. பொழுது சாய்வதற்குள் என் மகனை அவன் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

அந்த ஆட்களை அனுப்பியவள் மாரியம்மன்தான். வேறு மாதிரி சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அதுவரை அதிகாரிகள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. இப்போது திங்கட்கிழமை தவறாமல் மலையிறங்கி, கலெக்டர் ஆபீசில் நல்ல ரோடு கேட்டு மனு கொடுக்கிறேன். தோள் கொடுத்த பெண்களும் வருகிறார்கள். "மறுபடியுமா வந்தீங்க?" என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் சலித்துக்கொண்டார். "ரோடு போட்றவரைக்கும் வருவோங்க" என்றேன்.

தாயே, உனக்கு நன்றி. என் மகன் விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு; அது உனக்கும் தெரியும்.

சொந்தங்களே, மனசு வெந்து கிடக்கிறதென்று கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்தக் கோபத்தோடேயே போய் அவள் முன்னால் நில்லுங்கள். சண்டை போட்டுக் கேளுங்கள். என்னை அவள் விரட்டவில்லை. உங்களையும் விரட்ட மாட்டாள்.