பொங்கல் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

போட்டோக்கொப்பி மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த, சூடு ஆறாத தாளுக்கு ஒரு மணம் உண்டு. என் பொங்கலுக்கு இன்றைக்கும் அந்த மணம்தான். டோர்ட்மண்டில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு 'பொங்கல் புத்தகம்' தந்தார்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதுவே ஜெர்மனில். படங்களுக்கு நாங்களே நிறம் தீட்ட வேண்டும் என்பதால் என் மாடு ஊதா நிறம், என் சூரியனுக்கு நீண்ட கண்ணிமை. கடைசிப் பக்கத்தில் பானை பொங்கி வழிய, வீட்டார் எல்லோரும் கையை உயர்த்தி "பொங்கலோ பொங்கல்!" என்று கத்துவார்கள்.

அந்த வருசம் நான் ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்பு என்னுடன் படித்த எலேனாவின் தாய் வகுப்புக்கு வந்து, ஸ்பானிஷும் ஜெர்மனும் சேர்ந்த ஒரு பளபளப்பான புத்தகத்தை வாசித்தார். மூன்று ராஜாக்கள் பரிசு கொண்டுவரும் இரவில் பிள்ளைகள் சப்பாத்துகளை வெளியே வைத்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைப்பார்களாம். தாய் ஸ்பானிஷில் ஒரு பக்கம், மகள் ஜெர்மனில் ஒரு பக்கம். முடிந்ததும் வகுப்பே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. "வேறு யார் வீட்டில் இப்படிப் புத்தகம் இருக்கிறது?" என்று டீச்சர் கேட்டு முடிக்கவில்லை, என் கை மேலே நின்றது. அன்றே அவர் பொங்கலுக்கு நாள் குறித்து, அம்மாவுக்கு ஒரு 'டெர்மின்' என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். ஊரில் அம்மாவின் தம்பி, என் மாமா, இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வருசம் திரும்பி 'ஆட்டைத் திவசம்' முடியும்வரை எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை, புதுச்சட்டை இல்லை. வரவேற்பறையில் மாமாவின் படத்துக்கு விளக்கு எரிவதைத் தினமும் பார்த்தும், பள்ளிக்கூடத்தில் புத்தகம் வாசிப்பதும் பொங்கல்தான் என்று எனக்கு உறைக்கவில்லை.

"செத்த வீட்டுக்காரி போய்ப் பொங்கலோ பொங்கல் எண்டு கத்துறதே?" என்றார் அம்மா.

அப்பா தலையைச் சொறிந்தார். "என்ன செய்யிறது, டெர்மின் தந்திட்டினமப்பா. போகாமல் விட ஏலாது."

டெர்மின்! என்ன சனம் நாங்கள்! அம்மாவும் அப்பாவும் வெளிநாட்டார் அலுவலகத்தில் விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில், டெர்மினைத் தவறவிட்டால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிப் பழகியவர்கள். ஒரு டீச்சர் சிரித்த முகத்தோடு குறித்த நாளும் அவர்களுக்கு அதே டெர்மின்தான். வரமுடியாது என்று சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் சொல்வதற்கான ஜெர்மன் அந்த வீட்டில் என் வாயில்தான் இருந்தது.

அம்மா சாம்பல் நிற ஸ்வெட்டரோடு வந்தார். அழகாக வாசித்தார், மாட்டையும் மாக்கோலத்தையும் கரும்பையும் நிதானமாக ஒவ்வொரு பக்கமாகத் தாண்டினார், நானும் என் பக்கங்களை ஜெர்மனில் வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்தது. அம்மாவின் குரல் நின்றுபோனது. வகுப்பே அவர் வாயைப் பார்த்திருந்தது, யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுத்துத் தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்த டீச்சர், குனிந்து அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல "லாங்ஸாம், லாங்ஸாம்" என்றார், மெதுவாக வாசியுங்கள், அவசரமில்லை என்று. ஐயோ, என் அம்மாவுக்கா வாசிக்கத் தெரியாது! எனக்கு முகம் கொதித்தது. "வாசியுங்கோம்மா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அம்மா வாசித்தார், பக்கத்திலிருப்பவருக்கு ரகசியம் சொல்வதுபோல. உடனே வகுப்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தித் திரும்பத் திரும்பக் கத்தியது. நான் ஆசைப்பட்ட கைதட்டல் கிடைத்தது. அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில், சேறான பனியைப் பார்த்தபடி, "தம்பி கோவிக்கமாட்டான்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குளிரிலும் தலைக்கு முழுகிவிட்டு வந்து மாமாவின் படத்துக்கு முன்னால் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டபோது திரும்பவில்லை.

அந்தப் புத்தகம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. இப்போது தமிழும் ஜெர்மனுமாக, பொத்தானை அழுத்தினால் பறையடிக்கும் தடித்த அட்டைப் பொங்கல் புத்தகம் வந்திருக்கிறது. அதைத்தான் போன மாதம் என் மகள் கிண்டர்கார்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மாலை நான் கூட்டிவரப் போனபோது அவளுடைய ஆசிரியை, பொங்கலுக்கு வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

அப்போது அம்மா போய் மூன்று மாதம். வரமுடியாது, என் தாய் இறந்துவிட்டார், இந்த வருசம் நாங்கள் கொண்டாடுவதில்லை என்று ஜெர்மனில் சொன்னேன். அவ்வளவுதான். அவர் என் கையைப் பிடித்து, ஆறுதல் சொல்லி, "அப்படியானால் அடுத்த வருசம் வாருங்கள்" என்றார். யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. வரிசையாகத் தொங்கும் குட்டிக் குட்டிக் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே, அன்றைக்குப்போலவே முகம் கொதிக்க நின்றேன். வீட்டுக்கு ஓடிப்போய், "அம்மா, ஏலாது எண்டு சொன்னால் விட்டிடுவினமாம்" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

வீட்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.